ஃப்ரிட்ஜில் இருந்த அடுத்த வீட்டு டப்பா

கரண்ட் பில்லையும் கேஸ் செலவையும் குறைக்கும் பொறுப்பை நானாகத்தான் எடுத்துக்கொண்டேன். தாராவியில் அப்பா போய்வந்த தோல் பட்டறையில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை என்று ஆகியிருந்தது. மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவள் வீட்டில் நான் ஒருத்திதான். எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, செம்பூரில் ஸ்விட்ச்போர்டு செய்யும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் டிக் அடிக்காமல் எந்தப் பெட்டியும் வெளியே போகாது. வீட்டையும் அப்படியே பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் எழுதியவை எல்லாம் சின்ன விஷயங்கள். பருப்பை ஊறவைத்து, அரிசியோடு ஒரே குக்கரில் அடுக்குவது. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைப்பது. இஸ்திரி வாரத்துக்கு ஒருமுறை, எல்லார் துணிக்கும் சேர்த்து. டிவியையும் செட்டாப் பாக்ஸையும் சுவர் ஸ்விட்சிலேயே அணைப்பது. இதில் பாதியை அம்மா நான் பிறப்பதற்கு முன்பே செய்துகொண்டிருந்தாள்.

"இதைக் கண்டுபிடிக்கவாட்டி டிப்ளமா படிச்சே?" என்றாள்.

அந்த ரோஷத்தில்தான் ஃப்ரிட்ஜில் கைவைத்தேன். பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், மேலே ஐஸ் பெட்டி, கீழே மூன்று தட்டுகள். உள்ளே காலி இடம் இருந்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் குளிர் போய்விடும் என்று தண்ணீர் பாட்டில்களால் அடைத்தேன். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை தானாக அணைகிற மாதிரி ஒரு டைமர் மாட்டினேன். அணைந்திருக்கும் நேரத்துக்கு ஈடாகக் குளிரைக் கடைசி எண்ணுக்குத் திருகி வைத்தேன். பால், மாவு, தேங்காய் மூடி, தக்காளி என்று எழுதி நான்கு நாள் கவனித்தேன். பால் திரியவில்லை. மாவு பொங்கவில்லை. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

பட்டியலில் ஒரு டப்பா விட்டுப்போயிருந்தது. அது எங்களுடையது அல்ல.

பக்கத்து கோலியில், எங்களுடையதைப் போன்ற ஒற்றை அறை வீட்டில், இருப்பவளை நான் சித்தி என்று கூப்பிடுவேன். சொந்தம் எதுவும் கிடையாது. அவளுக்குச் சர்க்கரை, இரண்டு வேளை ஊசி. அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனபோது, "அதான் உங்க வீட்ல ஒண்ணு ஓடுதுல்லா, பேகாரா, வீணா எதுக்கு இன்னொண்ணு?" என்று இன்சுலினை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எங்கள் ஃப்ரிட்ஜில் வைக்க ஆரம்பித்தாள். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது எங்கள் டிரம்மையும் அவளே நிரப்பிவிடுவாள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த ஏற்பாடு இல்லை. எங்கள் சந்தில் பல வீடுகள் இப்படித்தான் ஒன்றில் இருப்பதை இன்னொன்று வைத்துக் காலம் தள்ளுகின்றன.

பாட்டில்களுக்கு இடம் பண்ணும்போது அந்த டப்பாவை நான் மேல்தட்டில், ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே, பின்சுவரோடு ஒட்டித் தள்ளியிருக்கிறேன். தள்ளியதே நினைவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி ஊசி போட்டுக்கொள்ள வந்தாள். உதடு காய்ந்திருந்தது. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுக் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"சர்க்கரை முந்நூத்தி நாப்பது காட்டுது மதினி."

"மாம்பழத்தைத் தின்னுருப்பே," என்றாள் அம்மா.

"நீயுமா? வீட்ல அவியளும் இதையேதான் சொல்லுதாவ. கொட்டையைக்கூட மோந்து பாக்கல. ஒரு வாரமா ராத்திரிச் சோறே இல்ல. இன்னும் எதைக் கொறைக்கணும், மூச்சையா?"

நான் மேல்தட்டிலிருந்து தயிரை எடுத்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தின் பின் ஓரத்தில் தயிர் ஊசி ஊசியாக உறைந்திருந்தது. பக்கத்தில் டப்பா. அதை வெளியே எடுத்தேன்.

"சித்தி, மருந்து காலையில எப்படி இருக்கும்?"

"சில நாளு கல்லு மாதிரி இருக்கும். உள்ளங்கையில வச்சு உருட்டுனா எளகிரும். உங்க ஃப்ரிட்ஜு இப்பம் நல்லா கூலிங் ஆவுதேன்னு நெனச்சேன்."

பாட்டிலை எடுத்து மெதுவாக உருட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். பால் போல ஒரே சீராகக் கலங்க வேண்டிய மருந்தில் பொடிப்பொடியாகத் துகள்கள், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு. டப்பாவில் இருந்த மருந்தின் அட்டைப் பெட்டியைத் திருப்பினேன். உறைய விடக்கூடாது என்று அதிலேயே போட்டிருந்தது. எங்கள் வீட்டில் அத்தனை நாள் இருந்த பெட்டி.

"இது கெட்டுப்போச்சு சித்தி. நான்தான் கெடுத்தேன்."

டைமர், குளிர் எண், பாட்டில்கள் என்று வரிசையாகச் சொன்னேன். சித்தி என்னைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"பாதி கெடக்கு. தூர எறியவா? குடு, இதை முடிச்சிட்டுப் புதுசு வாங்குதேன்."

"அதுல மருந்தே இல்ல சித்தி. தண்ணியை ஏத்துன மாதிரிதான்."

"அப்பம் இத்தன நாளு நான் பட்டினி கெடந்தது?"

பாட்டிலைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டே செருப்பை மாட்டினேன். தெருமுனை கிளினிக்குக் கூட்டிப்போனேன். அதன் வாசலில் நின்று, "பில்லு எவ்வளவுட்டி கொறஞ்சிச்சு?" என்று கேட்டாள். குறைந்துதான் இருந்தது. எவ்வளவு என்று சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் பாட்டிலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். புதிய மருந்து, பழைய அளவு. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், பட்டினி கூடாது. தினமும் இரண்டு முறை சோதிக்க வேண்டும். வாந்தி வந்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்ததும் டைமரைக் கழற்றி, குளிரைப் பழைய எண்ணுக்குத் திருப்பி, புதிய பாட்டிலைக் கதவுப் பக்கத் தட்டில் வைத்தேன்.

டாக்டர் சொன்ன அந்தக் கடைசி வரியைச் சுமந்துகொண்டு மூன்று நாள் வேலைக்குப் போனேன். போர்டுகளைச் சோதிக்கும்போது போன் அடித்தால் வேலையை அப்படியே விட்டு ஓடி எடுத்தேன். மதியம் அம்மாவைக் கூப்பிட்டு, "சித்தி குரல் கேக்குதா?" என்பேன். "கேக்குது, உன்னைத்தான் ஏசுதா," என்பாள் அம்மா. அது போதுமாக இருந்தது. திங்களன்று சர்க்கரை எண் கொஞ்சம்தான் இறங்கியது. செவ்வாய் மாலை மறுபடி ஏறியது. புதிய பாட்டிலும் வரும் வழியில் வெயிலில் கெட்டிருக்குமோ, மருந்து போகாத நாட்களில் அவள் உடம்பில் வேறு ஏதாவது கெட்டிருக்குமோ என்று போனில் தேடித்தேடிப் பயந்தேன்.

வியாழக்கிழமை காலை விரலைக் குத்திக்கொள்ளச் சித்தி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். மெஷின் எண்ணி முடிக்கும்வரை அதன் மேலேயே குனிந்து நின்றேன். நூற்றுத் தொண்ணூற்று இரண்டு.

"ஏசப்பா," என்று அவள் கண்ணை மூடித் திறந்தாள். ஊசி போட்டுக்கொண்டு, "இட்லி இருக்கா மதினி?" என்றாள்.

அம்மா மூன்று வைத்தாள். சித்தி தட்டை என் பக்கம் காட்டி, "என்ன இஞ்சினியரம்மா, மூணு தின்னலாமா? உன் லிஸ்டுல பாத்துச் சொல்லு," என்றாள். அம்மா சிரித்தாள். நானும் சிரிக்கப் பார்த்தேன். வழக்கமான ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. அவள் மூன்றாவது இட்லியைச் சாப்பிட்டு முடிக்கிறவரை, நாளைக் காலை அந்த எண் என்னவாக இருக்கும் என்று நினைத்தபடி அங்கேயே நின்றேன்.