தை மாதத்துத் தண்ணீர்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே வீடு வாங்கினவர்களுக்கும் சங்கடம், விற்றவர்களுக்கும் சங்கடம். நான் இரண்டிலும் சேர்த்தி. சூளூர்பேட்டையில் பஸ் மாறி, பழவேற்காடு ஏரியை ஒட்டியே போனால் வரும் சின்னக் கடலோர ஊர், அவ்வளவு போதும். ஒரு கடைத்தெரு, மீன் ஏலம் போடும் ஒரு கொட்டகை, ஊரைச் சுற்றி இறால் குட்டைகள்.

எனக்குச் சொந்த ஊர் நகரி. வேலை ஸ்ரீசிட்டியில், ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பிறந்ததிலிருந்து பவர்லூம் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவன் என்பதால், ஜன்னலைத் திறந்தால் கடல் மட்டும் கேட்கிற வீடு வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம். என் மனைவி புத்தூர்க்காரி. கடலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்பாள். எனக்காகத்தான் சரி என்றாள். பின்னால் நடந்த எதற்கும் அவளைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

வீட்டை முதலில் பார்த்தது ஆவணியில். இரண்டு அறை, மொட்டை மாடி, பின்பக்கம் போர்வெல். மாடியில் ஏறினால் கடல் தெரிந்தது. அன்றைக்கே முன்பணம் கொடுக்க நான் பறந்தேன். வீட்டுக்காரர்தான் அவசரப்படவில்லை. தெலுங்குக்காரர், மெட்ராசில் பல வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகவே பேசுவார்.

"என்ன சார் அவசரம்? தை பொறக்கட்டும். உங்காளுங்களுக்கு அதுதானே நல்ல மாசம்? அப்ப வந்து எல்லாம் சாவகாசமா பாருங்க" என்றார்.

அவர்கள் பக்கத்தில் அந்த நாட்களைச் சூன்ய மாசம் என்று ஒதுக்கிவைப்பார்கள். வீடு வாசல் என்று பேச்சே எடுக்க மாட்டார்கள். நமக்காகத் தன் வழக்கத்தையே விட்டுக்கொடுக்கிறாரே என்று நான் உருகிப்போனேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை அவர் அதற்கு முன்னால் பார்த்திருக்க மாட்டார்.

தை பிறந்து நாலாம் நாள் போனோம். என் மனைவி முந்தானையில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்துகொண்டு வந்திருந்தாள். எனக்கு மானம் போயிற்று. அவள் கேட்கவில்லை. "தண்ணிய குடிச்சுப் பாத்தா தெரியாது. பருப்பு வேவணும்" என்று நேராகச் சமையலறைக்குப் போய்விட்டாள். வீட்டுக்காரரின் மனைவி அடுப்பைப் பற்றவைத்து, எங்கள் கண் முன்னாலேயே போர் தண்ணீரைப் பிடித்து ஏற்றினார். குக்கர் கூட இல்லை, வெறும் பாத்திரம். பருப்பு மெழுகாக வெந்தது. கரண்டியால் எடுத்து என் மனைவியிடம் காட்டி, "வெந்துடுச்சில்லம்மா?" என்றார். என் மனைவி சிரித்தாள். வாங்கிவிட்டோம்.

பங்குனி வரைக்கும் சொர்க்கம்தான், பொய் சொல்ல மாட்டேன். காலையில் மாடியில் உட்கார்ந்து டீ குடிப்பேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து படகுகளை எண்ணுவாள்.

பங்குனி நடுவில் ஒருநாள் டீ திரிந்தது. பால்காரனைத் திட்டினோம். மறுநாளும் திரிந்தது. அந்த வாரமே சோறு கரித்தது, சோப்பு நுரைக்கவில்லை, குழாய் வாயில் வெள்ளையாக உப்புப் பூத்தது. என் மனைவி பருப்பைப் போட்டாள். மூணு விசில், ஆறு விசில், ஒன்பது விசில். திறந்து பார்த்தால் போட்டது போட்டபடி கிடந்தது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஓடினேன். அவர் வீட்டு வாசலில் தண்ணீர் கேன்கள் வரிசையாக நின்றன. தினமும் பார்த்ததுதான், ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. "எறா குட்டை வந்ததிலிருந்து இப்படித்தான் சார். மழை தண்ணி நிக்கிற வரிக்கும் நல்லா இருக்கும். அப்புறம் மறு மழை வரிக்கும் உப்புதான்" என்றார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கத்தினேன். "நீங்க கேக்கலயே" என்றார். அதுவும் உண்மைதான்.

விற்றவருக்குப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. மறுமுனையில் எங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைத்தேன். திருச்சானூரில் குடியிருப்பதாகத் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கிளம்பினோம். திருப்பதியிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போது என் மனைவி, என்னென்ன கேட்கப்போகிறாள் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். ஆட்டோக்காரனே பயந்துவிட்டான்.

ஒரு லாட்ஜுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த அந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் இரண்டு டம்ளரோடு வந்தார். "குடிம்மா. இங்க தண்ணி நல்லா இருக்கும்."

வெயிலில் வந்தவள். வாங்கிக் குடித்தாள். டம்ளரை மறுபடி நீட்டினாள். அதையும் குடித்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எங்களுக்கும் மழை முடிஞ்ச கையோடதான் காமிச்சாங்க. எனக்கு வேற தோவ, வேற வழி தெரியல சார்" என்றார். எனக்கு அடிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. அந்த அறையில் அடிக்கிற மாதிரி எதுவும் இல்லை.

"நாலு வார்த்த கேக்காம வந்துட்டேனே" என்று திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி அழுதாள். அடுத்த வாரமே மகளை அழைத்துக்கொண்டு புத்தூருக்குப் போய்விட்டாள். "அத்த வித்துட்டு வா. அதுவரிக்கும் அந்த ஊட்ல நான் கால வெக்க மாட்டேன்" என்றாள். உப்புத் தண்ணீரில் குளித்துச் சொறிந்து சிவந்த கைகளை வைத்துக்கொண்டு அவள் சொன்னபோது, நானே பெட்டியை எடுத்துப்போய் பஸ் ஏற்றிவிட்டேன்.

இரண்டு கோடை தனியாகக் கிடந்தேன். கடல் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். உள்ளூர்க்காரர்கள் யாரும் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனில் மகள், "எப்ப நைனா வருவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் அதைக் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் தானாகவே வந்து சொன்னார். "வெயில்ல எவன் சார் வாங்குவான்? தை வரட்டும். உங்காளுங்க வருவாங்க."

வந்தார்கள். திருவள்ளூர்ப் பக்கத்து இளம் தம்பதி. அவனுக்கும் ஸ்ரீசிட்டியில்தான் வேலை. மாடியில் ஏறி நின்று அவன் கடலைப் பார்த்த பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. அவள் எட்டு மாதக் கர்ப்பிணி. வீடு காட்டுவதற்காக என் மனைவி புத்தூரிலிருந்து அன்று ஒருநாள் மட்டும் வந்திருந்தாள். நான் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் மகள் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

அந்தப் பெண் குழாயில் ஒரு கை பிடித்துக் குடித்தாள். "நல்லாதான்க்கா இருக்குது" என்றாள்.

"குடிச்சா தெரியாதும்மா, பருப்பு வேவணும்" என்றாள் என் மனைவி.

சொல்லப்போகிறாள், எல்லாவற்றையும் உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். பாதி நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் பையிலிருந்து ஒரு பிடி பருப்பை எடுத்தாள். அந்தப் பெண்ணின் கண் முன்னாலேயே போர் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் ஏற்றினாள். வெந்ததும் கரண்டியால் எடுத்துக் காட்டினாள்.

"வெந்துடுச்சில்லம்மா?"

அந்தப் பெண் சிரித்தாள். நான் பின்பக்கம் போய் போர்வெல் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

இப்போது நகரியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மூன்று பேரும் ஒரே வீட்டில். நான் ஸ்ரீசிட்டிக்குத் தினமும் போய் வருகிறேன். சாயங்காலம் வீடு திரும்பினால் தெரு முழுக்கப் பவர்லூம் ஓடுகிறது. நாங்கள் அந்த ஊரைப் பற்றிப் பேசுவதில்லை.

பங்குனியில் அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. எடுக்க வேண்டாம் என்று என் மனைவி தலையை ஆட்டினாள். நான் எடுத்தேன். திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்றுதான் எடுத்தேன்.

பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது. "அண்ணா, நல்லா இருக்கீங்களா? ஒண்ணும் இல்ல, ரெண்டு நாளா தண்ணி கரிக்குது. மோட்டார்ல எதுனா கோளாறா இருக்குமோ? நீங்க ரிப்பேருக்கு யாரக் கூப்புடுவீங்கண்ணா?"

அவளுக்கு எங்கள்மேல் சந்தேகமே வரவில்லை. என் மனைவி அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாரும்மா. சரியாயிடும்" என்றேன்.

"சரிண்ணா" என்றாள். வைப்பதற்கு முன்னால், அக்காவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.