தறிச் சத்தத்தில் தூங்கிய குட்டி

மனைவி இறந்தபின் அடுக்குமாடி வீட்டில் நான் தனி. குரைக்காத நாய்தான் அங்கே ஒத்துவரும். அதனால் விசைத்தறிக் கூடத்தில், தறி ஓடும்போதும் தூங்கிய வெள்ளைக் குட்டியை எடுத்து வந்தேன். அதற்குக் காது கேட்காது என்று பிறகுதான் தெரிந்தது. தரையை ஓங்கி மிதித்தால், அதிர்வில் திரும்பிப் பார்க்கும்.

கீழ்வீட்டுக்காரம்மா ஏறி வந்தார். "அண்ணாச்சி, எங்க தலையிலயா நெல்லு குத்துதீய?"

விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்குத் திருப்பிக் கொடுத்துருதேன்."

"அது கெடக்கட்டும். நீங்க வேலைக்குப் போனா என்ன செய்யும்?"

"கதவைப் பாத்துக்கிட்டே கெடக்கும்."

மறுநாள் மதியம் சாப்பிட வந்தேன். குட்டி கதவருகே இல்லை. நடுவீட்டில் வயிறு ஒட்டப் படுத்து வாலாட்டிக்கொண்டிருந்தது. தரைக்கு அடியில் டொக் டொக்கென்று சத்தம். கீழே அந்தம்மா ஒட்டடைக் கம்பால் தன் வீட்டுக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நானும் உட்கார்ந்து தரையில் கை வைத்தேன். வீட்டில் ஆள் இருப்பது போலிருந்தது.