அரை சென்டிமீட்டர் சாய்வு

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், பெம்பானுக்கு வெளியே அம்மா வேலை செய்யும் தையல் தொழிற்சாலையின் அலுவலகத்தில் சேர்ந்தேன். ஐரோப்பாவில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக அங்கே சட்டைகள் தைத்தார்கள். அந்த நிறுவனத்தாருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவது என் வேலை. அம்மா ஒரு தையல் வரிசைக்குத் தலைவி.

ஒவ்வோர் ஆர்டருக்கும் முன் அவர்கள் கையொப்பமிட்ட மாதிரிச் சட்டை ஒன்று வரும். அதைப் பார்த்துத்தான் தைக்க வேண்டும். அந்த முறை வந்த மாதிரியில் மார்புப் பை அரை சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது. கேட்டுத் தெளிந்திருக்கலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் வர நாளாகும். அந்தத் தாமதமும் எங்கள் மேலேயே விழும். அதனால் கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. மாதிரி தைத்தவரின் கை தவறியிருக்கும் என்று எண்ணி, அம்மா எல்லாப் பைகளையும் நேராக வைக்கச் சொல்லிவிட்டார்.

சோதனைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். நாடாவை வைத்து அளந்தார். முழுச் சரக்கையும் நிராகரித்தார்.

"நேரா தச்சது தப்பாப்பா?" என்றார் அம்மா.

"எனக்கும் தெரியுது ஆண்ட்டி. ஆனா சாம்பிள்ல சைன் பண்ணிட்டாங்க. கோணல்னா கோணலாத்தான் வேணும்."

"அப்ப ஒத்தக் கையோட சாம்பிள் வந்தா ஒத்தக் கையோடவே தச்சி அனுப்புவோம்லா," என்றார் பட்டன் தைக்கும் அக்கா. சிரித்தவர் சோதனைக்கு வந்தவர் மட்டுமே.

வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும், அம்மாவின் வரிசையை மூட வேண்டியிருக்கும் என்றார் மேலாளர். அந்த வரிசையில் பதினெட்டுப் பெண்கள் இருந்தார்கள்.

மாதிரியே சாய்ந்திருந்ததைக் குறிப்பிட்டு, பணிவாகத்தான் கடிதம் எழுதினேன். மேலாளர் அந்த வாக்கியத்தைப் பேனாவால் அடித்தார். வாங்குகிறவர்களிடம் தவறு இருப்பதாக எழுதக் கூடாதாம். கூடவே ஒரு படிவத்தையும் நிரப்பச் சொன்னார். 'குறைக்குக் காரணமானவர்' என்ற கட்டத்துக்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, 'வரிசைத் தலைவி' என்று தட்டினேன்.

மூன்று நாள் நேரான பைகளைப் பிரித்தார்கள். பழைய ஊசித் துளைகள் தெரியாதபடி ஆவி காட்டித் தேய்த்து, மீண்டும் சாய்த்துத் தைத்தார்கள். அம்மா ஒவ்வொரு சட்டையிலும் சாய்வை அளந்தார். நேராக வைக்கச் சொன்னபோது இருந்த அதே கவனம் இப்போதும் இருந்தது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை சரக்கு தேறியது. வரிசை மூடப்படவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஒரு வரி வந்தது: இனிக் கவனமாக இருக்கவும்.

அன்று மாலை மோட்டார் சைக்கிளில் மெர்லிமாவிலிருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போது, அம்மாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து படிவத்தைப் பற்றிச் சொன்னேன். முகம் பார்த்துச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

"யார்னு போட்ட?"

"லைன் லீடர்னு."

அம்மா சமிக்ஞை விளக்கில் நின்றார்.

"தச்ச பிள்ளைங்க யாரையும் போடலதானே?"

"இல்லம்மா."

"அப்பச் சரி," என்றார். விளக்கு மாறியதும் வண்டியை எடுத்தார்.