பிரியாணிப் பாயிண்டு ஏழுமலை

கடலுக்குப் போறவங்களுக்கு வழி காட்டற மெஷினை ரிப்பேர் பண்றது என் பொழப்பு. நான் மீனவக் குப்பத்துல பொறந்தவன்தான், ஆனா மீன் புடிக்கற லாஞ்சுல ஏறுனா கொஞ்ச நேரத்துல குடலே வெளிய வந்துடும். அதனால காசிமேட்டுல ஒரு பெட்டிக்கடை அளவு எடத்துல ஜிபிஎஸ்ஸு, வயர்லெஸ்ஸு, மீன் இருக்கற எடத்தைக் காட்டற எக்கோ மெஷினு எல்லாத்தையும் பிரிச்சு மாட்டிக்கினு உக்காந்திருக்கேன். உப்புத்தண்ணி பட்டா எந்த மெஷினும் உருப்படாது, வேலைக்குப் பஞ்சமில்ல. மெஷினோட தொல்லையை சமாளிச்சிடலாம், அதைத் தூக்கிக்கினு வர்ற ஆளோட தொல்லை இருக்கே, அப்பப்பா! கடை வெச்சு உக்காந்தவங்களுக்கு நான் சொல்லணுமா இன்னா?

துண்டுக்குள்ள மூஞ்சி

மீன் கெடைக்கற எடத்தை ஜிபிஎஸ்ல குறிச்சு வெச்சுக்குவாங்க. அதுக்குப் பேரு பாயிண்டு. லாஞ்சை ஓட்டறவரை இங்க டிரைவர்னுதான் சொல்லுவோம். டிரைவர் பொண்டாட்டி நகையைக்கூட அடுத்தவன்கிட்ட நம்பிக் குடுப்பாரு, பாயிண்டைக் காட்டமாட்டாரு. ஜிபிஎஸ் செட்டு ரிப்பேருக்கு வந்தா ஸ்கிரீன் மேல துண்டைப் போட்டு மூடிட்டு, பின்னாடி மட்டும் பாருன்னுவாங்க. ஸ்கிரீன் எரியலன்னுதான் கொண்டாந்திருப்பாங்க, அதையே மூடிட்டா நான் இன்னாத்தைப் பாக்கறது?

ஒரு பெரியவர்கிட்ட கடுப்பாயிட்டேன். "யோவ், நான் கடலுக்கே போறதில்ல. உன் பாயிண்டை வெச்சுக்கினு இன்னா பண்ணப்போறேன்?"னு கேட்டேன். அவர் துண்டை இன்னும் இழுத்து மூடிட்டு சொன்னார்: "நீ போவமாட்ட நைனா. உன் வாய் போவும்ல?"

பிரியாணி ஒண்ணு, பிரியாணி ரெண்டு

எங்கிட்ட துண்டு போடாத ஒரே டிரைவர் ஏழுமலை. புளியந்தோப்புக்காரர். ஐஸ் உடைக்க வந்து, லாஞ்சுல சமையலுக்கு ஏறி, வலை இழுத்து, தானா தொழில் கத்துக்கினு டிரைவர் ஆனவர். மத்த லாஞ்சு பாதிப் பெட்டியோட திரும்பற சீசன்லயும் இவர் லாஞ்சு எறாவும் வஞ்சிரமுமா நிறைஞ்சு வரும். கூடவே தேசப்பன். ரெண்டாவது டிரைவர், பரம்பரையா மீன் புடிக்கற வூட்டு ஆளு. இவர் தூங்குனா அவன் ஓட்டுவான், அவன் தூங்குனா இவர் ஓட்டுவார். அண்ணே அண்ணேன்னு உசுரையே வெச்சிருந்தான்.

பாயிண்டுக்கு மத்தவங்க நம்பர் போடுவாங்க. ஏழுமலை ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு சொல்லி, என்னை செட்டுல டைப் அடிக்கச் சொல்லுவார். பிரியாணி ஒண்ணு, பிரியாணி ரெண்டு, ஆட்டுத்தொட்டி, ஹவுசிங் போர்டு, பெரிம்மா வூடு. புளியந்தோப்பையே தூக்கிக் கடல்ல எறக்கிட்டார். "இன்னாய்யா இது?"ன்னு சிரிச்சேன். அவர் சிரிக்கல. "கரையில எங்க ஏரியா பேரைச் சொன்னாலே மூஞ்சை சுளிக்கிறானுங்க. கடல்ல அந்தப் பேரைத் தேடிக்கினு போயிதானே சோறு துன்றானுங்க, இருக்கட்டும்."

கற்பூரத் தட்டு

மீன்புடித் தடைக்காலம் முடிஞ்சு மொதல்ல கெளம்பற அன்னிக்கு லாஞ்சுக்குப் பூஜை போடுவோம். டிரைவர்தான் கற்பூரம் காட்டணும், அதான் வழக்கம். அந்த வருஷம் லாஞ்சு ஓனரம்மாவோட சொந்தக்காரங்க தட்டை ஏழுமலையைத் தாண்டி தேசப்பன்கிட்ட நீட்டுனாங்க. "நம்ம ஆளு காட்டட்டும்பா"ன்னாங்க. ஏழுமலை பக்கத்துலதான் நின்னார். காதுல விழாத மாதிரி கயித்தைப் பாத்துக்கினு நின்னார். தேசப்பன் தட்டை வாங்குனான், திரும்புனான், அப்படியே ஏழுமலை கையில குடுத்துட்டான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

என் பக்கத்துல நின்னுக்கினு இருந்தது பாஸ்கர். அதே லாஞ்சுல ரொம்ப வருஷமா வலை இழுக்கறவன். ரெண்டாவது டிரைவர் வேலை தனக்குத்தான்னு நெனைச்சிருந்தான். ஏழுமலை அதைத் தேசப்பனுக்குக் குடுத்ததுலேருந்து அவனுக்கு வயித்தெரிச்சல். பூஜை முடிஞ்சு தேசப்பன் எங்க பக்கம் வந்தான். அவன் மச்சான் ஏதோ கிண்டல் பண்ண, சிரிச்சான். அவ்ளோதான் நடந்தது. பாஸ்கர் என் காதுல வந்து சொன்னான்: "பாத்தியா மாமு? தட்டையும் குடுத்துட்டு, பின்னாடி வந்து எப்பிடி சிரிக்கிறான் பாரு."

பூட்டு

அந்த சீசன்ல பிரியாணி ரெண்டுல வேற ஒரு லாஞ்சு வலை போட்டுக்கினு நின்னுது. அடுத்த தடவை ஆட்டுத்தொட்டியிலயும் அதே லாஞ்சு. ஏழுமலை செட்டைத் தூக்கிக்கினு என் கடைக்கு வந்தார். ஸ்கிரீன் மேல துண்டு. அதைப் பாத்ததுமே எனக்கு மனசு கெட்டுப்போச்சு. பூட்டு போட்டுக் குடு, நான் நம்பர் அடிச்சாதான் தொறக்கணும்னார். தேசப்பன் பாயிண்டை வெளிய குடுக்கறானாம். யார் சொன்னான்னு கேட்டேன். பாஸ்கரு.

"பாயிண்டு போனா மயிரே போச்சு, வேற தேடிக்குவேன்"னார். "நான் கற்பூரம் காட்டுனதைக் குப்பத்துல சொல்லிச் சொல்லி சிரிக்கிறானாமே, அதான்யா பேஜாரா கீது." எனக்குத் தாங்கல. "யோவ், நான் அங்கதான்யா நின்னேன். மச்சான் ஏதோ சொன்னான், அதுக்கு சிரிச்சான்யா அவன்"னு பதறிக்கினு சொன்னேன். பூட்டு போட்டது சரியா இருக்கான்னு நம்பரை அடிச்சுப் பாத்துக்கினே ஏழுமலை சொன்னார்: "அப்போ சிரிச்சான்னு நீயும் சொல்ற."

பழைய செட்டு

அந்த இன்னொரு லாஞ்சோட டிரைவர் ஒரு செத்துப்போன செட்டைக் கொண்டாந்து போட்டுட்டுப் போனார். ஒரு ஒயரை மாத்துனேன், ஸ்கிரீன் எரிஞ்சுது. பாத்தா பிரியாணி ஒண்ணு, பிரியாணி ரெண்டு, ஆட்டுத்தொட்டி, பெரிம்மா வூடு! நான் அடிச்ச பேரு எனக்குத் தெரியாதா? ஓனரம்மா புது செட்டு வாங்குனப்போ, ஏழுமலை வெச்சிருந்த பழைய செட்டை அந்த லாஞ்சுக்கு வித்திருக்காங்க. உள்ள இருந்ததை யாரும் அழிக்கல. ஒருத்தனும் துரோகம் பண்ணல, ஒருத்தனும் பாயிண்டை விக்கல.

கடையை அப்படியே போட்டுட்டு ஏழுமலைகிட்ட ஓடுனேன். லேட்டு. அன்னிக்குக் காலையிலதான் மீன் ஏலக் கூட்டத்துக்கு நடுவுல அவர் தேசப்பனோட பையைத் தூக்கிப் போட்டு, எறங்குடான்னு சொல்லியிருக்கார். தேசப்பன் பையை எடுத்துக்கினு போயிட்டானாம். நான் மூச்சு வாங்கிக்கினு செட்டு விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை பொறுமையா முழுசாக் கேட்டார். அப்புறம் என்னை மேலயும் கீழயும் பாத்தார். எத்தனை வருஷப் பழக்கம் எங்களுது! "நீயும் குப்பத்து ஆளுதானே. உங்காளுக்குத்தான் பேசுவ."

தூக்கம்

கடல்ல தங்கி மீன் புடிக்கறவங்க நாள்கணக்குல கரைக்கு வரமாட்டாங்க. ரெண்டு டிரைவர் வெச்சுக்கறது மாத்தி மாத்தித் தூங்கத்தான். தேசப்பன் போனதும் அந்த எடத்துல பாஸ்கர் வந்து ஒட்டிக்கினான். ஆனா ஏழுமலை அவன்கிட்டயும் செட்டைக் குடுக்கல. ஒருத்தனை சந்தேகப்பட்டு பழகிட்டா மத்தவனை மட்டும் எப்படி நம்பறது? பூட்டு நம்பரை யாருக்கும் சொல்லாம ராத்திரியும் பகலும் அவரே ஓட்டியிருக்கார். திரும்பி வர்றப்போ, நல்ல வெயில்ல, தொறமுக வாசல்ல கண்ணு அசந்து, அலை தடுக்கப் போட்ட கல்லு மேல லாஞ்சை ஏத்திட்டார். ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆவல. லாஞ்சு அடிப்பக்கம் பொளந்துக்கிச்சு.

அதே கல்லுல எங்க சித்தப்பா ரெண்டு தடவை ஏத்தியிருக்கார். அவரை யாரும் நீ எந்த ஏரியான்னு கேக்கல, தலையில ரெண்டு தட்டு தட்டி வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஏழுமலை அந்த ஓனரம்மாவுக்கு எவ்ளோ சம்பாரிச்சுக் குடுத்த மனுசன்! அந்தம்மா லாஞ்சை ஒரு சுத்து சுத்திப் பாத்தாங்க. இனிமே பாஸ்கர்தான் டிரைவர்னு சொன்னாங்க. அப்புறம் கூட்டத்துக்குக் கேக்கற மாதிரி இதையும் சொன்னாங்க: "நம்ம ஜனமா இருந்தா கல்லு எங்க கீதுன்னு தூக்கத்துலயும் தெரிஞ்சிருக்கும்."

ரெண்டு டீ

ஏழுமலை இப்போ திருவொத்தியூர் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டறார். எப்பவாவது என் கடைக்கு வந்து உக்காருவார். கடலைப் பத்திப் பேசமாட்டார், நானும் கேக்கமாட்டேன். அவர் அன்னிக்கு சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் வலிக்குது, ஆனா வந்து உக்காந்தா போன்னு சொல்ல மனசு வரல. தேசப்பன் வேற லாஞ்சுல டிரைவர் ஆயிட்டான். போன வாரம் அவன் வயர்லெஸ்ஸைத் தூக்கிக்கினு வந்தப்போ ஏழுமலை உள்ள இருந்தார். ரெண்டு பேருக்கும் டீ சொன்னேன்.

தேசப்பன் டீயைத் தொடல. "அண்ணே, என் லாஞ்சுக்கு வாண்ணே. நீ டிரைவரா நில்லு, நான் எப்பவும் போல ரெண்டாவதா நிக்கிறேன். ஓனர்கிட்ட பேசிட்டேன்"னான். சரின்னு சொல்லித் தொலைய்யான்னு எனக்குக் கத்தணும் போல இருந்துச்சு. ஏழுமலை கிளாஸை வெச்சிட்டு எழுந்தார். "பாயிண்டை நீ குடுக்கலன்னு எனக்குத் தெரியும் தேசா, அப்பவே தெரியும். நீ என்னைப் பாத்து சிரிக்கலன்னுதான் இன்னும் நம்ப முடியல."

இத்தனை வருஷத்துல நான் புரிஞ்சுக்கினது இவ்ளோதான்: அடியாழத்துல மீன் எங்க நிக்குதுன்னு காட்ட மெஷின் வந்துடுச்சு, எதிர்ல நிக்கறவன் எதுக்கு சிரிக்கிறான்னு காட்ட இன்னும் ஒண்ணும் வரல, வந்தாலும் அதையும் துண்டைப் போட்டு மூடிக்கினுதான் எங்கிட்ட ரிப்பேருக்குக் கொண்டாருவாங்க.