நாகபூசணியின் பெயரில் ஒரு சிலந்தி

யசிந்தன் கண்ணாடித் தட்டில் மணலைப் பரப்பி, ஸ்பிரிட் ஊற்றி, செத்த சிலந்தியை அதில் மல்லாத்திக் கிடத்துகிறார். ஊசி முனையால் காலை விலக்கி, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தால் பக்கத்துக் கோப்பி ஆறி ஆடை படியும்.

அமேசன் காட்டுச் சிலந்திகளில் ஒரு பேரினத்தைத் திருத்தி வகைப்படுத்துவது இத்தாலியின் பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் அவர் வேலை. அந்தக் காட்டை அவர் கண்டதில்லை. எல்லாம் வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் குப்பிகளில் இரவல் அனுப்புபவை.

சட்டையெல்லாம் ஸ்பிரிட் வாடை. வியா மக்வேதாத் தெருவில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் விமலராஜ் மூக்கைச் சுளிப்பார். "என்ன தம்பி, விடியவே ஏத்தியாச்சோ?"

"நானில்லை அண்ணை, சிலந்திதான் குடிக்குது."

பல நாள்களில், தனிக்கட்டையான அவர் வாய் திறந்து கதைப்பது அவ்வளவுதான்.

அம்மா நாகபூசணியும் இதே நகரில்தான். சிஞ்ஞோரா என்று அழைக்கும் வயதான இத்தாலிய அம்மையார் ஒருவரின் வீட்டிலேயே தங்கி அவரைப் பராமரிக்கிறார்; ஞாயிறு மட்டும் ஓய்வு. வீட்டின் முதல் பட்டதாரியான மகன், தான் கண்டுபிடித்த ஒரே புதிய இனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார். கோயிலடியில் அம்மா சொல்லாத ஆளில்லை: "அமெரிக்காக் காட்டிலை என்ரை பேரிலை ஒண்டு ஓடித்திரியுது!"

போன மாதம் வந்த குப்பியில், ஒரே வலையில் பிடிபட்ட சோடி இருந்தது. மிளகளவு பெண், அம்மாவின் பெயருடையது. எள்ளளவு ஆணுக்கோ, ஒரு ஜெர்மானியர் எப்போதோ வேறு பெயர் வைத்திருந்தார். உருவத்தில் ஒற்றுமையே இல்லாததால் இரண்டு இனமென்று யசிந்தன் முன்பு எண்ணிவிட்டார். ஒன்றேதான், மரபணுவும் அதையே சொன்னது. அப்படியென்றால், விதிப்படி முந்திய பெயரே நிற்கும். இந்தச் சிலந்திகளை இன்று ஆராய்பவர் அவர் ஒருவரே. சொல்லாமல் விட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை.

கட்டுரையை எழுதி முடித்துவிட்டு அம்மாவை அழைத்தார்.

"அப்ப, என்ரை பேரை வெட்டப்போறியோ?"

"ஓம் அம்மா. முதல் வைச்ச பேர்தான் செல்லும்."

"வைச்ச ஆள் எங்கை?"

"செத்துப்போனார்."

"செத்த ஆளுக்கு ஏனடா பயப்பிடுறாய்?"

"பயமில்லை. பிழை என்ரை."

அங்கே கோப்பை கழுவும் சத்தம் நின்றது.

"பூச்சிக்கும் சோடி கிடைச்சிட்டுது," என்றார் அம்மா. "நீ சாப்பிட்டனியோ?"

"ஓம்." சாப்பிட்டிருக்கவில்லை.

"சிஞ்ஞோரா கூப்பிடுறா. நில்லு, வாறன்."

யசிந்தன் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மைக்ரோஸ்கோப்பின் அருகே வைத்தார். "மாஞ்ஜா, சிஞ்ஞோரா, மாஞ்ஜா," என்று அம்மா சாப்பிடச் சொல்லி ஊட்டிவிடும் குரல் தூரத்தில் கேட்டது. அதைக் கேட்டபடியே கட்டுரையை அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.