வெள்ளைச் சேலையில் ஓர் இரவு

இரவில் சத்தமே இல்லை என்று சொல்பவர்கள் நன்றாகத் தூங்குகிறவர்கள். புருஷன் இறந்து நான் இத்தா இருந்த அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் பகலில்தான் வந்தது. புருஷன் மௌத்தான வீட்டில் பெண்சாதிக்கு என்ன வேலை இருக்கிறது? நாலு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாது, வெள்ளையைத் தவிர வேறு உடுத்தக் கூடாது. ஜன்னல்களுக்கெல்லாம் திரை போட்டிருந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்து சோற்றை வைத்துவிட்டு, "கொஞ்சம் படுங்க" என்று சொல்லிப் போவார்கள். நானும் படுப்பேன். இரவானதும் கண் தானாக முழித்துக்கொள்ளும்.

எங்கள் வீடு பலாபத்வலையில், ரோட்டோரம். முன்பக்கம் கடை, பின்பக்கம் கொக்கோ மரங்கள். கடைசி பஸ் போன பிறகு ஒவ்வொரு சத்தமாக வெளியே வரும். ஓட்டின் மேல் மரநாய் ஓடும். இருட்டுக்குள் எங்கோ ஒரு காய் விழும். பக்கத்து வீட்டு நாய் எதையோ பார்த்து ஒரு தரம் குரைத்துவிட்டு, தெரியாமல் குரைத்துவிட்டோமோ என்பதுபோல் அடங்கிவிடும். அதுதான் எனக்குப் பொறுக்காது. குரைக்கிற நாய் ஒழுங்காகக் குரைத்து முடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் மீதியை நான் அல்லவா யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டும்? எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தடவிப் பார்ப்பேன். வந்து படுப்பேன். சரியாகத்தான் தடவினேனா என்று மறுபடியும் எழும்புவேன். என்ன வருமென்று பயந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. வர வேண்டியது ஏற்கெனவே வந்து, அவரைக் கொண்டுபோயிருந்தது.

மற்ற நாட்களில் உம்மா என்னோடு படுப்பா. அன்றைக்கு மூத்தவள் ராத்தாவுக்குப் பிள்ளைப்பேற்று வலி என்று மாத்தளைக்குப் போய்விட்டா. முன்னறையில் படுக்க வேண்டிய தம்பி கலேவெலச் சந்தைக்குப் போனவன், பஸ்ஸைத் தவறவிட்டானோ என்னவோ, வந்து சேரவில்லை. வீட்டில் நானும் மகனும் மட்டும். மூன்று வயதுப் பிள்ளை, இடைக்கிடை மூச்சிழுப்பு வரும்.

அன்று சாமத்தில் வந்தது வழக்கமான இழுப்பு இல்லை. காய்ச்சலோடு சேர்ந்து வந்தது. கற்பூரம் போட்டு எண்ணெய் சுட வைத்து நெஞ்சில் தேய்த்தேன். வெந்நீர் ஆவி காட்டினேன். அழுதுகொண்டே இருந்தான். அழுகிற வரைக்கும் எனக்குத் தைரியம் இருந்தது. பிறகு அழுகை நின்றது. குப்பிலாம்பைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவெலும்பு உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு கறுத்துக் கிடந்தது.

வாசலில் நின்று யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். உயிருக்கு ஆபத்தென்றால் இத்தாவிலும் வெளியே போகலாம் என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் பிறகு ஒருநாள் விளக்கமாகச் சொன்னார். எனக்கு அந்த விளக்கத்துக்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய், "அக்கே, அக்கே" என்று கூப்பிட்டேன். நல்ல சிங்களச் சனங்கள், பலாக்காய் வெட்டினால் எங்களுக்குத் தராமல் சமைக்க மாட்டார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னல் விரலளவு திறந்தது. திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. விளக்கும் அணைந்தது. அந்த நேரம் நான் அவர்களைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

மாத்தளைப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். ஆஸ்பத்திரிக்கு அலுவிகாரையைத் தாண்டிப் போக வேண்டும். நிலவு இருந்தது. எனக்குக் கேட்டதெல்லாம் மகனுடைய நெஞ்சுக்குள் இழுக்கிற சத்தம் ஒன்றுதான். அது கொஞ்சம் குறைந்தாலும் நின்று, முதுகைத் தட்டி, மறுபடி கேட்ட பிறகே நடந்தேன்.

பின்னால் ஒரு லொறி வந்தது. திரும்பிக் கையைக் காட்டினேன். வேகம் குறைந்தது. வெளிச்சம் என்மேல் முழுதாக விழுந்ததும், உள்ளே யாரோ கத்தினார்கள். லொறி ஒரு துள்ளுத் துள்ளி, ரோட்டை விட்டு இறங்கி ஏறி, பறந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த ரோட்டில் லொறி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் கதை அது. சாமத்தில் மோகினி நிற்பாளாம். வெள்ளைச் சேலை, அவிழ்ந்த தலைமயிர், கையில் பிள்ளை. வாகனத்தை மறித்து, "இந்தப் பிள்ளையக் கொஞ்சம் புடிங்க" என்பாளாம். பாவப்பட்டு வாங்குகிறவன் விடிவதற்குள் இரத்தம் கக்கிச் சாவானாம். குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டேன். சேலை வெள்ளை. கொண்டை எங்கே அவிழ்ந்ததென்று தெரியாது. தோளில் பிள்ளை. இத்தனை நாள் இரவுக்குப் பயந்து தாழ்ப்பாளைத் தடவியவள், இப்போது ஊர் பயப்படும்படி ரோட்டில் நின்றேன். சிரிப்பு வந்தது. உண்மையாகவே சத்தமாகச் சிரித்தேன். யாராவது பார்த்திருந்தால் அங்கேயே விழுந்து செத்திருப்பார்கள்.

அடுத்த லொறிக்கு ஓரத்தில் நிற்கவில்லை. நடு ரோட்டில் நின்றேன். என் மேலே ஏற்றினால் ஏற்றட்டும் என்றிருந்தது. பிரேக் அலறியது. மரக்கறி லொறி, தனி டிரைவர். எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கினார். கையில் எஞ்சினைச் சுழற்றி ஸ்டார்ட் பண்ணும் இரும்புக் கம்பி. இரும்புக்குப் பேய் கிட்ட வராதாம்.

"போயிரு தாயி. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார். கம்பியை எனக்கு நேரே நீட்டினார்.

"அண்ணே, நான் பேயில்ல. பலாபத்வலைல கடை வச்சிருந்தவர்ட பெண்சாதி. மகனுக்கு மூச்செடுக்க ஏலாம இரிக்கி. மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடுங்க."

அவர் ஓரடி பின்னால் போனார். "பொய் சொல்லாத. அந்தக் கடைக்காரரு செத்துப் போயிட்டாரு. அவங்கள்ல புருஷன் செத்தா பொஞ்சாதி இத்தனை மாசம் வாசப்படி தாண்ட மாட்டாங்க. அவங்க வழக்கம் எனக்குத் தெரியும். அந்தம்மா இப்ப வீட்டுக்குள்ள இருப்பாங்க. நீ யாரு?"

அவர் சொன்னது அத்தனையும் சரி. இனி என்ன சொன்னாலும் பேய் சொன்னதாகத்தான் ஆகும். அவரோடு வாதாடிக்கொண்டிருந்தால் பிள்ளை போய்விடுவான். நேரே லொறியின் இடப்பக்கக் கதவுக்கு நடந்தேன். அவர் தடுக்கவில்லை, தடுக்கக் கிட்ட வர வேண்டுமே. கதவைத் திறந்தேன். மிதிபலகை இடுப்பளவு உயரம். ஒரு கையால் பிள்ளையை அணைத்துக்கொண்டு மறு கையால் ஏறப் பார்த்தேன். கால் வழுக்கியது. மறுபடி பார்த்தேன். ஏலவில்லை.

திரும்பினேன். "அண்ணே, இந்தப் பிள்ளையக் கொஞ்சம் புடிங்க" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. அவர் முகத்தில் இரத்தமே இல்லை. ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். மகன் வாயைப் பிளந்து ஒரு மூச்சை இழுத்தான், அது பாதியில் சிக்கியது.

"முருகா" என்றார். குனிந்து கம்பியை ரோட்டில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினார்.

வைத்தேன். அவர் அப்படியே நின்றார், சாவு வரட்டும் என்று நிற்கிற மனிதரை நான் அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். பிறகு கண்ணைத் திறந்து, "அடக்கடவுளே, புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதே. ஏறும்மா, சீக்கிரம் ஏறு" என்று கத்தினார்.

எப்படி ஓட்டினார் என்று தெரியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, எதையோ மூக்கில் வைத்தார்கள். வெகுநேரம் கழித்து மகன் அழுதான். அந்த அழுகை வார்டு முழுக்கக் கேட்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தபோது லொறி இன்னும் வாசலில் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கம்பியை ரோட்டிலேயே விட்டுவிட்டு வந்தாராம். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் பண்ண வழியில்லை.

"அழுவுறது இங்க வரைக்கும் கேட்டிச்சு" என்றார்.

"நீங்க பயந்துதானே இருந்தீங்க. பிறகு ஏன் வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

தலைப்பாகைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேயின்னுதாம்மா நெனச்சேன். வாங்குறப்பவும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா புள்ள மூச்சுக்குத் தவிக்குது. பேயோட புள்ளன்னா மட்டும் வுட்டுட்டுப் போக முடியுமா?"