சோதனை மண்டபத்தின் வாசலில்

இந்த நாட்டில் ஒருவர் முகத்தை இன்னொருவர் உற்றுப் பார்ப்பது மரியாதையில்லை. ரயிலில் முழங்கால் முட்டுகிற மாதிரி எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். தற்செயலாகக் கண்கள் சந்தித்தால் ஒரு சின்னச் சிரிப்பு, உடனே இருவர் பார்வையும் ஜன்னலுக்குப் போய்விடும். வந்த புதிதில் இதற்குப் பழக எனக்கு வெகுகாலம் பிடித்தது. ஆனால் சனிக்கிழமைக் காலைகளில் ஆக்லாந்து நகரின் நடுவே ஒரு கட்டடத்தின் மாடியில் நின்றுகொண்டு, முன்பின் தெரியாதவர்களின் முகத்தைச் சிரிக்காமல், கண்ணெடுக்காமல் பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் இங்கே பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு எழுத வேண்டிய ஆங்கிலப் பரீட்சை அங்கே நடக்கும். கிழமை நாட்களில் நான் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். சனிக்கிழமையில் பரீட்சை மேற்பார்வையாளர்.

வருகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தையும் ஆளையும் ஒப்பிட வேண்டும். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டச் சொல்ல வேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் தாளை உரிக்க வேண்டும். தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொல்லி இரண்டு காதையும் பார்க்க வேண்டும், உள்ளே சின்னக் கருவி ஏதும் இருக்கிறதா என்று. ஆள்மாறாட்டத்தைக் கண்டுபிடிப்பதற்கு எங்களுக்கு ஒருநாள் பயிற்சி தந்தார்கள். மயிரை நம்பாதீர்கள், நிறத்தை நம்பாதீர்கள், மெலிவார்கள், கொழுப்பார்கள், ஆனால் காது மாறாது என்றார் பயிற்சி தந்தவர். அன்று முதல் கோயிலில் சாமி கும்பிடும்போதும் எனக்கு முன்னால் நிற்பவர்களின் காதில்தான் என் கண் போய் நிற்கிறது.

எங்கள் ஊரில் பரீட்சையையும் சோதனை என்றுதான் சொல்வோம். வீதியில் மறித்துப் பையைக் கிளறுவதும் சோதனைதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கோண்டாவிலிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது நான் இரண்டையும் தாண்டிப் போனேன். வவுனியாவுக்குக் கிட்ட ஒரு சாவடியில் சீருடைக்காரர் ஒருவர் என் அடையாள அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இடம்பெயர்ந்து, காய்ச்சலில் கிடந்து, எலும்பும் தோலுமாக இருந்தேன். அட்டையிலோ கன்னம் உப்பிய ஒரு பள்ளிக்கூடப் பெட்டை. பக்கவாட்டில் திரும்பச் சொன்னார். பிறந்த திகதியைக் கேட்டார், பிறகு அதையே வேறு மாதிரிக் கேட்டார். நான் நான்தான் என்பதற்கு என்னிடம் என்னைத் தவிர வேறு சாட்சி இருக்கவில்லை. கடைசியில் அவருக்கே அலுத்துப்போய்க் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

நிவேதா வந்தது கோடை தொடங்குகிற டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். ஈரோட்டுப் பக்கத்துப் பிள்ளை. கணவனுக்கு இங்கே கணினி வேலை. அவனோடு வந்து இரண்டாவது வருடம். ஊரில் உணவு விஞ்ஞானம் படித்தவள், இங்கே மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, இந்தப் பரீட்சைப் பெறுபேறு மட்டும்தான் பாக்கி. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது பாஸ்போர்ட்டில் இருந்த வட்ட முகமும் எனக்கு முன்னால் நின்ற நீள முகமும்தான். தாடை ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுத்திருந்தது. மயிரை ஒதுக்கச் சொன்னேன். வலது காதைக் காட்டினாள். மற்றதையும் என்றேன். தயங்கினாள். அந்தத் தயக்கத்தில் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. பிறகு சட்டென்று ஒதுக்கி, நான் சரியாகப் பார்ப்பதற்குள் மயிரை விட்டுவிட்டாள். படத்தில் இருந்த காது அது இல்லை. மேலதிகாரி ஜூடித்தைக் கைகாட்டிக் கூப்பிட்டேன்.

ஜூடித் இந்த நாட்டு வெள்ளைக்காரி. நல்லவள். குரலை ஒருநாளும் உயர்த்தாதவள். உன் குடும்பப் பெயர் என்ன என்று மெதுவாகக் கேட்டாள். தனக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றாள் நிவேதா. பாஸ்போர்ட்டில் முருகேசன் என்று இருக்கிறதே என்றாள் ஜூடித். அது என்னுடைய பெயர் இல்லை, அப்பாவுடையது என்றாள் அந்தப் பிள்ளை, உள்ளதை உள்ளபடி. ஜூடித் பாஸ்போர்ட்டை மூடினாள். எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் பெயர்தான் பின்னால் வரும் என்று நான் குறுக்கே புகுந்து விளக்கினேன். ஜூடித் தலையசைத்தாள். ஆனால் இப்போது அவள் பார்த்தது என்னை.

வரிசை நீண்டுகொண்டிருந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் விதியை மறந்து நிவேதாவிடம் தமிழில் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இது நீங்கள்தானோ?"

"நான்தாங்க்கா. அடிபட்டு இப்படி ஆயிருச்சு..."

"இங்கிலிஷ், ப்ளீஸ்," என்றாள் ஜூடித்.

அதோடு அந்தப் பிள்ளையின் வாய் அடைத்துப்போனது. ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் தன் முகத்தைப் பற்றித் தானே சொல்ல முடியவில்லை. சந்தேகம் வந்தாலும் எழுத விட வேண்டும், பெறுபேற்றைப் பிடித்து வைத்து விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை. அவளை உள்ளே அனுப்பினார்கள். என்னை மண்டபத்திலிருந்து எடுத்து, கழிப்பறைக்குப் போகிற நடைவழியில் நிறுத்தினார்கள். அங்கே ஆள் போதாது என்று ஜூடித் சொன்னாள். அங்கே எப்போதும் ஒரு ஆள் போதும் என்பது இருவருக்கும் தெரியும்.

பரீட்சை முடிந்ததும் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். தமிழில் என்ன கதைத்தீர்கள் என்பதை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னாள். பிறகு பேனையை மூடிக்கொண்டே, "உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும்தானே, அது அவள்தானா?" என்று கேட்டாள். அவளுக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கு அது வேறொன்றை நினைவூட்டியது. போர்க்காலத்தில் எங்கள் ஊரில் இராணுவம் நடத்திய சுற்றிவளைப்புகளில் தலையாட்டி என்று ஒருவரைக் கொண்டுவந்து இருத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டிருக்கும். ஊர்ச்சனம் முழுவதும் அவருக்கு முன்னால் நடந்து போக வேண்டும். அந்தத் தலை ஆடினால் ஆள் வாகனத்தில் ஏற வேண்டியதுதான். சாக்குக்குள் இருந்ததும் எங்கள் ஆள்தான். எங்கள் ஆட்களை அவருக்கும் தெரியும் என்பதால்தான் அவரை அங்கே வைத்தார்கள். எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை என்று ஜூடித்திடம் சொன்னேன். அதுதான் உண்மை. ஆனால் எழுதிக் கொடுத்ததில், 'அடிபட்டு இப்படி ஆயிருச்சு' என்பதை, சண்டையில் இப்படி ஆனது என்று மொழிபெயர்த்தேன். நான் பிறந்த ஊரில் அடிபடுவது என்றால் சண்டை பிடிப்பது. வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் கணவர், ஓம் அது அவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, ஒரு தமிழ்ப்பிள்ளைதானே என்றார். மகள் துளசி இங்கே பிறந்தவள். தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். தெரியாது என்றால் தெரியாது, அதில் என்ன பிரச்சினை அம்மா என்று கேட்டுவிட்டுக் குளிர்பெட்டியைத் திறந்தாள். இரண்டு பேர் சொன்னதும் சரியாகப் பட்டது. நகரின் மேற்குப் புறத்தில், ரானுயியில், எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு, அந்தப் பிள்ளை உண்மையில் வேறு யாரோவாக இருந்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். அப்படியானால் நான் பார்த்தது வீண்போகாது.

சில வாரங்கள் கழித்துக் கிளென் ஈடனில் எங்கள் ஆட்கள் போகும் மளிகைக் கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி மூட்டைகளுக்கு அப்பால் அவள் நின்றாள். என்னைக் கண்டதும் கூடையை வைத்துவிட்டு வந்தாள். எனக்கு உடனே வந்தது பயம். பரீட்சைக்கு வந்தவர்களோடு வெளியில் கதைக்கக் கூடாது. எப்படி என்னைக் கண்டுபிடித்தாள், யார் சொல்லி அனுப்பினார்கள், ஏதாவது கேட்டுக் கெஞ்சப் போகிறாளா என்று மனம் ஓடியது. இந்தக் கடைக்கு ஆக்லாந்தின் மேற்குப் பக்கத்துத் தமிழர் பாதிப்பேர் வருவார்கள் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"உங்ககிட்ட எதுவும் கேக்க வரலைங்க்கா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கணும். என் வீட்டுக்காரர் என்னை அடிக்கிறார்னு நீங்களா சொன்னீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள். அவளை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் அவளைத் தனியாக உட்கார வைத்து, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறாயா, யாரோடு சண்டை நடந்தது, பயப்படாமல் சொல் என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, அவர் இன்னும் அன்பாகக் கேட்டிருக்கிறார். உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அன்றிலிருந்து அவள் கணவன் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் திடுக்கிடுகிறானாம். நீங்கள்தானே அடிபட்டதென்று சொன்னீர்கள் என்றேன். ஆமா, அடிபட்டுச்சு, வண்டியில என்றாள். ஊரில் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனபோது துப்பட்டா சக்கரத்தில் சிக்கியிருக்கிறது. தாடை உடைந்து, இடது காது பாதி கிழிந்து தொங்கியதாம். தாடைக்குள் இப்போதும் தகடு இருக்கிறது. இங்கே விமான நிலையத்திலும் நிறுத்திக் கேட்டார்களாம். கைப்பையில் ஆஸ்பத்திரிக் கோப்பு இருந்ததால் காட்டிவிட்டு வந்துவிட்டாள். பரீட்சைக்குப் பாஸ்போர்ட்டைத் தவிர எதுவும் கொண்டுவரக் கூடாது என்று அறிவித்திருந்தபடியால் அன்று கையில் ஒன்றுமில்லை.

எங்கள் இருவருக்கும் தமிழ் தாய்மொழி. ஆங்கிலக்காரியிடம் ஏற்பட்ட குழப்பத்தை நான் விளக்கினேன். தமிழில் ஏற்பட்ட குழப்பத்தை விளக்க அங்கே யாரும் இருக்கவில்லை.

அப்போதும் நான் அவளை முழுதாக நம்பவில்லை. ஒருக்கா காதைக் காட்டுங்கோ என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கூசியது. அவள் மறுக்கவில்லை. பருப்புப் பக்கெட்டுகளுக்கு முன்னால் நின்று மயிரைத் தூக்கினாள். காதைச் சுற்றி, ரவிக்கைக் கைக்கு மூட்டுப் போட்டது போல ஒரு தையல் ஓடியது. சனிக்கிழமையில் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். தழும்பு யாருக்கும் இருக்கலாம் என்றுதான் உள்ளே ஒரு குரல் சொன்னது. கடைக்காரர் எங்களைப் பார்த்தார். நான் முருங்கைக்காயை வைத்துவிட்டேன்.

"இதை என்னட்டைச் சொல்லிப் பிரயோசனமில்லை. கோப்பைக் கொண்டுபோய் அவையிட்டைக் காட்டுங்கோ," என்றேன். "நான் எழுதினது பிழையெண்டு நானும் போய்ச் சொல்லுறன்."

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜூடித்திடம் போனேன். ஒரே சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பொருள், ஈரோட்டில் இன்னொரு பொருள் என்று சொன்னேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். கடையில் கண்டேன் என்றேன். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி, ஆல் குட் என்றாள். இந்த ஊரில் ஆல் குட் என்ற சொல்லுக்கும் ஒரு பொருள் மட்டும் இல்லை. அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் எனக்கு வேலை வரவில்லை. கேட்டால், ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், தேவைப்பட்டால் அழைப்போம் என்று இனிமையான பதில் வரும். சனிக்கிழமைக் காலைகளில் வீட்டில் சும்மா இருந்து தேநீர் குடித்துக்கொண்டு, இப்போது என்னை யார் விசாரிக்கிறார்கள், நானும் அந்தப் பிள்ளையும் முன்பே தெரிந்தவர்கள் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யோசித்தேன். உங்களைச் சந்தேகிக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்கிறவர்களிடம் பதில் சொல்லலாம். சிரித்துக்கொண்டிருப்பவர்களிடம் என்ன சொல்வது?

நிவேதாவை மறுபடி அழைத்து, வேறொருவர் முன்னால் திரும்பவும் எழுதவும் பேசவும் வைத்திருக்கிறார்கள். கோப்பையும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே புள்ளிகள்தான். பெறுபேறு வெளியானபோது பெப்ரவரி அனுமதி கைநழுவிப் போயிருந்தது. ஜூலையில் சேர்ந்தாள். அதற்கு முன்பே, மே மாதத்தில் இலையுதிர் காலம் முடியும்போது, ஜூடித் என்னைத் திரும்ப வேலைக்கு அழைத்தாள். முதல்நாள் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, அது அவளேதான் தெரியுமா என்றாள். பிறகு என் தோளைத் தொட்டு, நீ சந்தேகப்பட்டது நல்லது, நல்ல வேலை என்றாள். உண்மையான பாராட்டு. பிழையாகப் பார்த்ததற்கு இவ்வளவு மனமார யாரும் என்னைப் பாராட்டியதில்லை. வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். விடவில்லை. நான் நிற்காவிட்டால் அந்த இடத்தில் தகப்பன் பெயரைக்கூடத் தெரியாத ஒருவர் நிற்பார் என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணத்தையும் நான் முழுதாக நம்பவில்லை.

போன மாதம் வேலை முடிந்து வீடு திரும்பும்போது ரயிலில் அவளைக் கண்டேன். தோளில் பல்கலைக்கழகப் பெயர் போட்ட பை. மழைத்துளி ஒட்டிய மயிரை இரண்டு காதுக்கும் பின்னால் செருகியிருந்தாள். பார்க்காதது போல் இருந்துவிடலாம் என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அவள் எழுந்து வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபம் இருந்ததா என்று தெரியவில்லை. ஆய்வுகூடத்தில் பால் புளிக்க வைக்கிறார்களாம், அந்த வாசனையில் அம்மா ஞாபகம் வருகிறதாம், பேராசிரியர் பேசுவது பாதி விளங்குவதில்லையாம். நியூ லின் தாண்டி இன்னொரு நிலையமும் போனதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்தது கிளென் ஈடன், அவள் இறங்குமிடம்.

"நீங்க எந்த ஊருங்க்கா?" என்று கேட்டாள்.

வீடு எங்கே என்றுதான் கேட்டிருக்கிறாள். அந்தச் சொல்லைக் கேட்டதும் என் வாயில் வந்தது ரானுயி இல்லை.

"கோண்டாவில்," என்றேன்.

அவள் எழுந்து கதவுக்கு மேலே ஒட்டியிருந்த ரயில்பாதைப் படத்தை அண்ணாந்து பார்த்தாள். ரயில் வேகம் குறைந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் நிலையங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"அது ஹென்டர்சனுக்கு அப்புறமா வருதுங்களா?"

"ஓம்," என்றேன். "இன்னும் கொஞ்சம் தள்ளி."

கதவு திறந்தது. அவள் விரல் ரானுயியைத் தாண்டி, ஸ்வான்சனுக்குப் போய், கோடு முடிகிற இடத்தில் நின்று, அதற்கு அப்பால் இருந்த வெள்ளைத் தாளில் இன்னமும் தேடிக்கொண்டிருந்தது.